சூடாமணி நேராகப் பார்க்கும் படம்

ஸ்ரீராமஜயம்

தல்லாகுளம், மதுரை
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

பரமக்குடியில் எழுந்தருளியிருக்கும் என் மைத்துனர் சிரஞ்சீவி கோகுல்நாத் அவர்களுக்கு, தங்கள் அக்காள் வீட்டுக்காரன் வெங்கடசுப்பிரமணியன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் ஃப்ரிட்ஜும் மாடித் தண்ணீர்த் தொட்டியும் சௌக்கியம். அங்கே தாங்களும் மனைவி மக்களும் சகல சௌபாக்கியங்களுடன் இருக்கவும், என்மேல் தங்களுக்குள்ள கோபம் மட்டும் கொஞ்சம் இளைக்கவும் கள்ளழகரை வேண்டிக்கொள்கிறேன்.

தங்களுக்குப் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டால் நீலக் கோடு விழுகிறதே தவிர பதில் விழவில்லை. ஆகையால் தபால்காரரை நம்பி இறங்கிவிட்டேன். கடிதத்தைத் திருப்பி அனுப்புவதென்றால் அவரோடு தாங்கள் பேச வேண்டும். காலை வேளையில் யாரோடும் பேசத் தங்களுக்குப் பிடிக்காது என்று சூடாமணி சொல்லியிருக்கிறாள். எனவே பிரித்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன்.

தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூடப் பிறந்த அக்காள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடியது எதிர்சேவை அன்று விடிகாலையில். அழகர் வருகிற அன்றைக்குத் தல்லாகுளத்தில் ஒருவர் சாகலாமா? ஊரே நம் தெருவில் நிற்கிறது, நீர்மோர்ப் பந்தல் நம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஐஸ் பெட்டி ஏற்றிவந்த வண்டி கோரிப்பாளையத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீக. இப்பவே எடுத்துருங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல ரோட்ட அடைச்சுருவோம். அப்புறம் அழகர் ஆத்துல எறங்கித் திரும்புற வரைக்கும் எதுவும் நகராது" என்றார். எடுத்துவிட்டோம். தாங்கள் ரிங் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நீந்தி, யாரோ பீய்ச்சிய தண்ணீரில் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தபோது வீட்டில் கழுவிவிட்ட தரைதான் இருந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனீர்கள். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனக்குத் துக்கம் கேட்கவும் அன்று யாரும் வரவில்லை, வர வழியில்லை. அப்புறம் மெதுவாக வந்தவர்கள் எல்லோரும் கூட்டம் எம்புட்டு என்பதைப் பற்றியே பேசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி போனால் சூடாமணிக்கு வருஷத் திதி. திதி செய்துவைக்கும் வாத்தியார் நல்ல படம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் படத்துக்கா பஞ்சம், பீரோவைத் திறந்தால் ஆல்பங்கள் காலில் விழுகின்றன. ஆனால் மாப்பிள்ளை, நம்புவீர்களோ மாட்டீர்களோ, சூடாமணி நேராகப் பார்க்கும் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் ஹோமப் புகை தாங்காமல் கண்ணை மூடியிருக்கிறாள். மற்ற எந்தப் படத்தை எடுத்தாலும் குடும்பம் மொத்தமும் காமிராவைப் பார்க்க, இவள் மட்டும் கழுத்தை ஒடித்துத் திருப்பி, கையைத் தூக்கி, வாயைத் திறந்து யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள். மகள் மீனலோசனி காதுகுத்தில் பாதிக் கன்னம். அவள் கல்யாணத்தில் கொண்டை மட்டும். ஒரு பெண்பிள்ளையால் ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாதா?

மிச்சம் இருந்தது ஆதார் அட்டை. ஆதாரில் அவள் நேராகத்தான் பார்க்கிறாள், ஆனால் ரேஷன் கடையில் எடை குறைந்ததைக் கண்டுபிடித்த மாதிரிப் பார்க்கிறாள். அதைக் கொண்டுபோய் ஸ்டூடியோ தங்கப்பாண்டியிடம் கொடுத்தேன். "கவலைய விடுங்க சார், அம்சமா ஆக்கித் தாரேன்" என்றான். ஆக்கித் தந்தான். முகத்தை மாவு பூசினாற்போல் வெளுத்து, பட்டுச்சேலை உடுத்தி, மூன்று அடுக்கு ஆரம் போட்டு, பின்னால் ஒரு அருவியும் இரண்டு அன்னப் பறவைகளும் விட்டிருந்தான். "கழுத்து யாருடையதுப்பா?" என்று கேட்டேன். "அது ஒரு நகைக்கடை வெளம்பரத்துல இருந்து எடுத்தது சார். பொருத்தமா உக்காந்துருச்சுல்ல?" என்கிறான். அந்தப் பிரேமைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி பீரோ மேல் வைத்திருக்கிறேன். சூடாமணி பார்த்திருந்தால் என்னையும் அங்கேயே ஏற்றி உட்கார வைத்திருப்பாள்.

நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கியது இதற்கெல்லாம் முன்னால். வீட்டில் காலையில் குக்கர் சத்தம் இல்லை. பேப்பரை வாசித்தால் "சத்தமா வாசிங்க" என்று சொல்ல ஆள் இல்லை. நம் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, பழைய மிஷன் வளாகத்தில் ஒரு நூலகம் உண்டு. பேப்பர் வாசிக்கப் போனவனை அங்குள்ள நூலகர் பெர்சி மேடம் பிடித்துக்கொண்டார். அவர்களிடம் ஒரு அறை நிறையப் பொக்கிஷம் இருக்கிறது. மாட்டு வண்டியில் மதுரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எழுதிய பயணப் புத்தகங்கள், அவர்கள் வரைந்த சித்திரங்கள், காவி நிறத்தில் பெரிய பெரிய போட்டோக்கள். ஒவ்வொரு புத்தகமும் ஒரு கைக்குழந்தை கனம். நாயக்கர் மகாலை வரைந்த துரை தூணைத் தூணாக வரைந்துவிட்டு, அடியில் நம் ஆட்களை எறும்பளவுக்கு வரைந்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே முகம், எல்லோரும் வேலைவெட்டி இல்லாமல் சாய்ந்து நிற்கிறார்கள். போட்டோக்களில் இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் படம் முடியும்வரை அசையாமல் இருக்க வேண்டுமாம், அசைந்தவர்கள் புகையாகிவிடுவார்களாம். ஒரு தெருப் படத்தில் கோயில் இருக்கிறது, வண்டி இருக்கிறது, மாடு நின்ற இடத்தில் ஒரு மேகம் இருக்கிறது. நான் சூடாமணியை நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவள் ஒரு படத்திலும் அகப்பட்டிருக்கவே மாட்டாள்.

இதையெல்லாம் ஒரு கண்காட்சியாக வைக்கப்போகிறோம், எது எந்த இடம் என்று பழைய ஆள் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் பெர்சி மேடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. முதல் நாளே கையில் வெள்ளை உறை மாட்டிவிட்டார்கள். பதினொரு மணிக்கு வழக்கம்போல் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன், உறையைக் கழற்ற மறந்துவிட்டேன். மேடம் என் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது சாத்தூர்ச் சேவுதான?" என்றார். அவருக்கு அதுவும் தெரிகிறது. அடுத்த வாரம் ஒரு மலைப் படம் வந்தது. பார்த்த மாத்திரத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலை என்று சத்தியம் செய்தேன். சந்தேகத்துக்கு நம் ஆட்டோ நல்லகாமனை அழைத்து வந்து காட்டினேன், அவன் அந்த ஊர்க்காரன். அவன் ஒரு படி மேலே போய், "இந்தா இந்தப் பாறையிலதான் எங்க மாமா ஆடு மேய்ப்பாரு" என்று இடத்தையே தொட்டுக் காட்டினான். அட்டையைத் திருப்பினால் பின்னால் கண்டி, இலங்கை என்று எழுதியிருந்தது. நல்லகாமன் கொஞ்சமும் அசரவில்லை, மாமா அங்கேயும் போயிருப்பார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குத்தான் மேடம் எனக்கு அந்த விதியைச் சொன்னார். "சார், விவரக் குறிப்புல படத்துல என்ன இருக்கோ அத மட்டும் எழுதணும். நமக்குத் தெரிஞ்சது, நெனச்சது, ஆசப்பட்டது எதையும் எழுதக் கூடாது. 'ஒரு மலை. முன்னால ஒரு மரம். மரத்தடியில ரெண்டு பேர் நிக்கிறாங்க.' அம்புட்டுத்தான்." நான் எழுதியதில் முக்கால்வாசியை அடித்துவிட்டார். ஒரு கிழவரின் படத்துக்கு "மருமகளிடம் பேச்சு வாங்கியவர் போல் உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதியிருந்தேன். அதில் "உட்கார்ந்திருக்கிறார்" மட்டும் தப்பியது.

அந்தக் குவியலில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. பின்னால் "மதுரையில் ஒரு பெண்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பேர் இல்லை, புருஷன் பேர் இல்லை, தெரு இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, நேராகப் பார்க்கிறாள். நூற்றைம்பது வருஷமாக இமை தட்டாமல் பார்க்கிறாள். சூடாமணி சாயல் கிடையாது, இவளுக்கு நீள முகம், அவளுக்கு உருண்டை முகம். ஆனால் கோகுல், நான் எதிரே போய் நின்றால் அவள் என்னைப் பார்க்கிறாள். பீரோ நிறைய ஆல்பம் வைத்திருக்கிறவனுக்கு அது கிடைக்கவில்லை. தினமும் உள்ளே போனதும் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டும் வருவேன். இதை மீனலோசனியிடம் சொல்லிவிடாதே, அவள் பெங்களூரிலிருந்து டாக்டரோடு வந்துவிடுவாள்.

கண்காட்சித் திறப்பு தை வெள்ளிக்கிழமை. நான் யாருக்கும் முன்னால் போய்க் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பையில் ஒரு முழம் பிச்சிப்பூ. அது ஏன் என்று கேட்பாய். பெருமாள் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கல்யாணமான நாள்முதல் வாங்குகிற பூ. சூடாமணி போன பிறகு முதல் தடவை அந்தப் பக்கம் போனபோது, "அய்யா, அம்மாவுக்குப் புடிச்ச பிச்சி வந்துருக்கு" என்று இலையில் சுற்றி நீட்டினாள். சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். மறுநாளும் வாங்கினேன். இன்றுவரை வாங்குகிறேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் கல்யாண வீடு மாதிரி மணக்கிறது, மோரெல்லாம் பிச்சி வாசம். அந்தப் பூ பையில் இருக்கிறது, கோயிலில் தந்த சந்தனமும் குங்குமமும் சட்டைப் பையில் இருக்கிறது. எதிரே இவள். படம் மங்கி நெற்றிப் பொட்டு தெரியவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு பெண் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறாள், இறந்தும் போய்விட்டாள், அவளுக்கென்று திதி கொடுக்க எவனும் இல்லை. கண்ணாடி மேல்தானே என்று சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பூவைச் சுற்றினேன். கைப் பழக்கம் நிற்கவில்லை, பக்கத்தில் பயணப் புத்தகம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் பையிலிருந்த வாழைப்பழத்தை வைத்து ஊதுபத்தியையும் குத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், முன்னே பெரிய அதிகாரியாக இருந்தவர். வாசலில் நின்று பார்த்தார். மாலை, பொட்டு, ஊதுபத்தி, பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் நான். மனுஷர் சட்டென்று ஷூவைக் கழற்றிவிட்டார். அவர் கழற்றினால் பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கழற்றினார்கள். நூலக வாசலில் மீனாட்சி கோயில் செருப்பு ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. விருந்தினர் படத்தைக் கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்: "அம்மா எப்பத் தவறுனாங்க?"

நான் என்ன சொல்வேன்? என்னிடம் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "சித்திரைல சார். எதிர்சேவை அன்னிக்கு" என்றேன்.

"அடடா, அந்தக் கூட்டத்துலயா? ரொம்பச் செரமப்பட்டிருப்பீங்களே" என்றார். ஒரு மனுஷன் முதல் தடவையாக அதைக் கேட்டார், கோகுல். நான் உடைந்து போனேன். அவர் என் முதுகைத் தட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். "மனசத் தேத்திக்கங்க சார்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். "முகத்துல என்ன ஒரு அமைதி" என்றார் ஒரு பேராசிரியர். எல்லோருக்கும் தலையாட்டினேன். வராத துக்கக்காரர்கள் எல்லாம் அன்றைக்கு வந்தார்கள்.

பெர்சி மேடம் காப்பித் தட்டோடு உள்ளே வந்தார். ஊதுபத்தியைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார், அதன் கீழே இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "சார், இது ஆயிரத்து எண்ணூத்து எழுபதுகள்ல எடுத்த படம்" என்றார், அழாத குறையாக. விருந்தினர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். என் வயதை மனதுக்குள் கூட்டிக் கழிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வெளியே போய் ஷூவைத் தேடினார்.

எல்லோரும் போன பின் மேடம் பிரேமைக் கழற்றினார். சந்தனத் தண்ணீர் கண்ணாடி விளிம்பு வழியாக இறங்கி அட்டை ஓரத்தில் ஒரு மஞ்சள் திட்டு. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "இவ்வளவு காலம் பத்திரமா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நீங்க கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பணம் செலவில்லாமல் எனக்கென்று இருந்த ஒரே இடமும் போயிற்று. இனி அந்தப் படிக்கட்டை மிதிப்பதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டேன். போகிற வழியில் கூடக் கண்ணை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீ காமிரா வாங்கின புதிதில் நாம் மூன்று பேரும் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலையடித் தாமரைக் குளத்துப் படியில் சூடாமணியை உட்கார வைத்து நீ ஒரு படம் எடுத்தாய். வந்து காட்டினாய், ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதில் அவள் நேராகப் பார்த்தாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு படம் உன்னிடம்தான் இருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள், படத்தை மட்டும் அனுப்பு. அன்றைக்கு நீ பார்க்க முடியாமல் போன முகம்தான் நானும் தேடுவது. திதிக்கு வரச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, வற்புறுத்தவும் மாட்டேன்.

தாங்கள் என்று தொடங்கி, நீங்களாகி, நீ என்று முடிந்திருப்பதைக் கவனித்தேன். அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே ஏற்றுக்கொள்ளவும். தங்கள் சம்சாரத்துக்கு என் ஆசிகள், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், திருவிழா இல்லாத நாளாகப் பார்த்து நீண்ட ஆயுளோடு இருக்க அழகர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
வெங்கடசுப்பிரமணியன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை எழுதி முடித்துவிட்டுப் போஸ்ட் செய்யத் தயங்கி மேஜையிலேயே வைத்திருந்தேன், அதற்குள் இன்று கூரியரில் உன் பார்சல் வந்துவிட்டது. மீனலோசனி உன்னிடம் பேசியிருக்கிறாள், உன் பார்சலில் ஒரு வரி இல்லை. துணியைப் பிரித்தால் கீழக்குயில்குடிப் படம், பிரேமோடு. உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி அப்படியே அனுப்பியிருக்கிறாய். கண்ணாடியில் நீ வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடுக்கடுக்காக இருக்கிறது. தினமும் வைத்திருக்கிறாய் போல. ஆனால் மாப்ள, பொட்டு நெற்றியில் இல்லை, காதோரத்தில் இருக்கிறது. அதிலும் அவள் திரும்பித்தான் இருக்கிறாள். நேராகப் பார்த்த ஞாபகம் நானாக வைத்துக்கொண்டது.

இதைவிட நல்ல படம் எனக்கு வேண்டாம். நாளைக் காலையில் இதை எடுத்துக்கொண்டு பெர்சி மேடத்திடம் போகிறேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றே கேட்பேன், அவர்களிடம் நகல் எடுக்கும் மெஷின் இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று உன் சுவரில் அந்த ஆணிக்கு. வாங்கிக்கொள்ள நீயே வா. திதிக்கு முதல் நாளே வந்துவிடு, எந்த ரோட்டையும் அடைக்க மாட்டார்கள்.

படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு மேடம் சொன்ன முறைப்படி ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். "ஒரு குளம். படியில் ஒரு பெண். அவள் திரும்பி, கையை நீட்டி, படத்தில் இல்லாத ஒருவரைக் கூப்பிடுகிறாள்." இதற்கு மேல் எழுதக் கூடாது என்பது விதி. அந்த ஒருவன் மலையடியில் மூன்று ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றுகொண்டு, "நீங்க எடுங்க, நான் அப்புறம் வாரேன்" என்று சொன்னதை நான் எங்கே எழுதுவது, மாப்ள?